கானுக்கு அந்தப் பக்கம்

மஸ்கெலியாப் பக்கம் நான் பிறந்த தோட்டத்தின் மேல்மலை ஓரிடத்தில் சட்டென்று முடிந்துவிடும். இடுப்பளவுக்குக் கவாத்து வெட்டிய தேயிலை, அதற்கு மேல் ஒரு கான், கானுக்கு அந்தப் பக்கம் காடு. கொழுந்தெடுக்கிற பெண்கள் அந்தக் கானைத் தாண்ட மாட்டார்கள். விறகுக்குப் போகிறவர்களும் ஓரத்தில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். "அது சாமி காடு" என்பாள் அப்பாயி. சாமி எங்கே என்று கேட்டால் மேகத்தைக் காட்டுவாள். மேகம் விலகிய காலைகளில் அங்கே சிவனொளிபாதமலை கூம்பாக நிற்கும்.

பௌத்தர்களுக்கு அது புத்தரின் பாதம் பதிந்த ஸ்ரீபாத. எங்களுக்குச் சிவனின் பாதம். முஸ்லிம்களுக்கு ஆதம் நபி மண்ணில் இறங்கிய பாவா ஆதம் மலை. புனித தோமாவின் பாதம் என்று நம்பும் கிறிஸ்தவர்களும் உண்டு. 2,243 மீற்றர் உயரம். இதைவிட உயர்ந்த மலைகள் இலங்கையில் இருக்கின்றன. ஆனால் இப்படித் தனியே எழுந்து கடலில் வரும் மாலுமிக்கும் அடையாளமாக நின்றது இந்த ஒன்றுதான். மலையைச் சுற்றியுள்ள காட்டை 1940ஆம் ஆண்டு சரணாலயமாக்கினார்கள். ஏறத்தாழ 224 சதுர கிலோமீற்றர். 2010இல் ஹோட்டன் சமவெளியோடும் நக்கிள்ஸ் மலைகளோடும் சேர்த்து யுனெஸ்கோ இதை உலக மரபுரிமையாக ஏற்றது.

இத்தனை பெருமை இருந்தும், எங்கள் லயத்தில் வருடம் தவறாமல் மலை ஏறியவர்களில் அந்தக் காட்டைப் பார்த்தவர்கள் அநேகமாக இல்லை. மார்கழிப் போயாவில் சீசன் தொடங்கி வெசாக் போயாவோடு முடியும். ஏறுவது இரவில். நல்லதண்ணியிலிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், படிகளின் நெடுகிலும் மின்விளக்கு, இரு மருங்கிலும் தேத்தண்ணிக் கடை, பொரி கடை, கம்பளித் தொப்பி விற்கும் கடை. விளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் இருட்டு. அந்த இருட்டுத்தான் காடு என்பது சின்ன வயதில் எனக்குத் தெரியாது.

அப்பாயிதான் என்னை முதலில் கூட்டிப் போனாள். வெள்ளைச் சேலை, தலையைச் சுற்றி ஒரு துவாய், மடியில் கற்பூரமும் வெற்றிலையும். சீதகங்குலவில் நின்று முகம் கழுவச் சொன்னாள். மலையிலிருந்து இறங்கும் அந்த ஓடையின் குளிர் பல்லுக்குள் ஏறியது. குளித்துவிட்டு ஈரத்தோடு நடந்த சிங்களப் பெண்கள் எங்களைக் கடந்தபோது "கருணாவை" என்றார்கள்; அப்பாயியும் கைகூப்பி "கருணாவை" என்றாள். மலையில் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் வாழ்த்து அது. சிங்களத்தில் அவளுக்குத் தெரிந்தது அதுவும் கடைக்கணக்கும்தான்.

"இன்னும் எவ்வளவு தூரம் அப்பாயி?"

"அப்படிக் கேக்கக் கூடாது ராசா. கேட்டா மலை வளரும். பேசாம நட."

களைப்பாயிருக்கிறது என்று சொல்லக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, தடுக்கி விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. இந்த ஒழுங்குகளைச் சிங்கள யாத்திரிகர்களும் அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். அவர்களின் குழுவுக்கு முன்னே நடக்கும் மூத்தவரை "நடே குரா" என்பார்கள். முதல்முறை வருகிறவன் "கோடுகாரயா". அன்று நான் கோடுகாரயா, அப்பாயி என் நடே குரா.

அவள் இறந்து பல வருடங்களுக்குப் பிறகுதான் மலையின் மறுபக்கத்தால் ஏறினேன். குருவிட்டையிலிருந்து எரத்ன வழியாக. என்னோடு படித்த நண்பன் ஒருவன் தவளைகளை ஆராய்கிறவன், அவன்தான் அழைத்தான். "நீ மலையடியில் பிறந்தவன். காட்டைப் பார்க்காமல் செத்துப்போகாதே" என்றான். பகலில், சீசனுக்குள், வார நாளில் போவதாக ஏற்பாடு. வழிகாட்ட எரத்னவில் ஒரு பெரியவர் வந்தார். கித்துள் மரம் சீவிப் பாணி காய்ச்சுகிறவர். நாங்கள் அவரைச் சீயா என்று கூப்பிட்டோம். அவர் எங்களைப் புத்தே என்றார். இந்தப் பாதை நல்லதண்ணிப் பாதையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நீளம். அதனால் கூட்டம் குறைவு.

குருவிட்டையை எல்லோரும் பஸ்ஸில் கடந்துபோய்விடுகிறார்கள். அங்கே இறங்கிக் கேட்டால் இரண்டு குகைகளைச் சொல்வார்கள். பட்டதொட்டலென பௌத்தர்கள் திவாகுகை என்று வணங்கும் தலங்களில் ஒன்று. மலையில் பாதம் பதித்தபின் புத்தர் பகலில் ஓய்வெடுத்த இடம் என்பது நம்பிக்கை. பட்டதொம்பலென வேறு வகையில் பெரியது. அங்கே நடந்த அகழாய்வில் 30,000 ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த மனிதர்களின் எலும்புகளும் சின்னஞ்சிறு கல்லாயுதங்களும் கிடைத்தன. குரங்கு வேட்டையாடியிருக்கிறார்கள். கெக்குணக் கொட்டையை உடைத்துத் தின்றிருக்கிறார்கள். மழைக்காட்டில் மனிதன் பிழைக்க முடியாது, வெட்டித் திருத்திய பிறகே குடியேற முடியும் என்று நினைத்த அறிஞர்களை மாற்றி யோசிக்க வைத்த குகைகளில் அதுவும் ஒன்று. எரத்னவைத் தாண்டியதும் சீயா ஒரு மரத்தடியில் குனிந்து கெக்குணக் கொட்டை ஒன்றை எடுத்துக் கல்லில் தட்டி உடைத்துத் தந்தார். எண்ணெய்ப் பசையுள்ள பருப்பு. அந்தக் குகைக்காரர்கள் தின்றதே என் வாயில் இருக்கிறது என்ற எண்ணத்தை வெகுநேரம் விட முடியவில்லை.

முதல் பகுதி குரு கங்கையை ஒட்டிப் போகிறது. வர்ணகல அருவிக்கு மேலே ஹொர மரங்கள் தொடங்கின. கிளையே இல்லாமல் நேராக மேலே போய், எட்டாத உயரத்தில்தான் இலை வைக்கும் மரம். அண்ணாந்து பார்த்தால் ஒரு மரத்தின் இலைவிரிப்பு அடுத்த மரத்தைத் தொடாமல் நிற்கிறது; இடையில் கோடு கோடாக வானம். கீழே பிரம்பு, காட்டு வாழை, மரப்பன்னம். தரையில் விழுந்த இலை இலையாகவே இருப்பதில்லை, அடுத்த மழைக்குள் மக்கி வேருக்குள் போய்விடுகிறது. இந்தக் காட்டின் சத்து மண்ணில் இல்லை, மரங்களில் இருக்கிறது என்றான் நண்பன். மரத்தை வெட்டி எடுத்தால் சத்தும் அதோடு போய்விடும்; மிஞ்சுகிற மண்ணை மழை கழுவிவிடும்.

அதைக் கேட்டதும் எனக்கு எங்கள் பக்கத்து மலைகள் நினைவுக்கு வந்தன. மஸ்கெலியாவிலும் டிக்கோயாவிலும் இப்போது தேயிலை நிற்கும் ஒவ்வொரு மலையும் இந்தக் காடாக இருந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் கோப்பிக்காக வெட்டினார்கள். 1869இல் கோப்பியில் இலைநோய் தோன்றி, சில ஆண்டுகளில் கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. கோடரியைப் பிடித்த கைகளில் பெரும்பாலானவை தென்னிந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களின் கைகள். நிலம் துரையுடையது, உத்தரவு அவனுடையது, லாபமும் அவனுடையது. பாம்பு கடித்தும் காய்ச்சல் கண்டும் செத்தது மட்டும் எங்களுடையது. அப்பாயியின் பாட்டன் காடு வெட்டிய கதையை அவள் சொல்வாள். முதல் மரத்தைத் தொடும் முன் கற்பூரம் ஏற்றி, "பிழைக்க வந்தோம், பொறுத்துக்கோ சாமி" என்று விழுந்து கும்பிட்டார்களாம். ஒரு கல்லை நட்டு மாடசாமி என்றும் முனியாண்டி என்றும் பெயர் வைத்தார்கள். இன்றும் ஒவ்வொரு தோட்டத்திலும் காட்டோரத்தில் அப்படி ஒரு கல் இருக்கிறது. தாங்கள் எதன் மேல் கை வைக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்றே நான் நம்புகிறேன்.

அட்டை கடிக்கத் தொடங்கியதும் சீயா இடுப்பு முடிச்சிலிருந்து தேசிக்காயை எடுத்து வெட்டி, எங்கள் கால்களில் தேய்த்துவிட்டார். 1344இல் இந்த மலைக்கு வந்த இப்னு பதூதாவும் இதையே எழுதியிருக்கிறார்: மரத்திலிருந்தும் புல்லிலிருந்தும் தாவி ஒட்டிக்கொள்ளும் அட்டையையும், அதற்காக யாத்திரிகர்கள் கூடவே கொண்டுபோகும் எலுமிச்சையையும். அவர் புத்தளத்தில் கரையிறங்கியபோது வரவேற்றவர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. என்ன வேண்டும் என்று மன்னர் கேட்க, ஆதம் பாதத்தைத் தரிசிக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார் அந்தப் பயணி. மன்னர் பல்லக்குக் கொடுத்தார்; ஆண்டுதோறும் பாதம் காணப் போகும் யோகிகள் நால்வரையும் பிராமணர் மூவரையும் தம் ஆட்களையும் துணைக்கு அனுப்பினார். மொரோக்கோவிலிருந்து வந்த முஸ்லிமை, சைவ மன்னர் ஒருவர், யோகிகளைத் துணைசேர்த்து, சிங்கள நாட்டு மலைக்கு அனுப்பிவைத்திருக்கிறார். இந்த மலையை யாருடையது என்று சண்டை பிடிக்கிறவர்களைக் காணும்போதெல்லாம் நான் இந்தப் பல்லக்கைத்தான் நினைத்துக்கொள்வேன்.

உயரம் கூடக்கூடக் காடு குள்ளமானது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. கீழே அண்ணாந்து பார்த்த மரங்களுக்குப் பதிலாக இப்போது தலைக்குச் சற்று மேலே முடியும் மரங்கள். காற்று அடித்து அடித்து முறுக்கிய கிளைகள். கிளை முழுக்கப் பாசியும் சின்ன ஆர்க்கிட்களும். கீன மரத்தின் புது இலை சிவப்பாக இருந்தது. மஹரத்மல் பூத்திருந்தது, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் கொத்து. இப்னு பதூதா உள்ளங்கை அளவுச் சிவப்பு ரோஜா என்று எழுதியது இதைத்தான் என்பார்கள். மழை பெய்யவில்லை, ஆனால் எல்லா இலைகளும் சொட்டின. மேகம் காட்டுக்குள் புகுந்து போகும்போது இலையும் பாசியும் அதன் ஈரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சொட்டுச் சொட்டாக வேருக்குப் போய், பாறை இடுக்கால் கசிந்து, ஓடையாகிறது. களனி, களு, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இந்தக் காட்டிலிருந்து நீர் போகிறது. கொழும்பில் குழாயைத் திறக்கிறவர்கள் குடிப்பது களனி ஆற்றைத்தான்.

நண்பன் அங்கேதான் உட்கார்ந்துவிட்டான். ஓர் இலையின் அடியில் நகத்தளவு தவளை. இந்தப் புதர்த் தவளைகளுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் கிடையாது. குளமோ குட்டையோ தேவையில்லை. ஈர மண்ணிலோ இலையிலோ முட்டையிடும். முட்டைக்குள்ளேயே வளர்ந்து, குட்டித் தவளையாகவே வெளியே வரும். காற்றில் ஈரம் குறையாமல் இருக்கும்வரைதான் இது நடக்கும். ஓரிரு வருடம் மேகம் மேலே ஏறிப்போனால் போதும், முட்டை காய்ந்துவிடும். 1853இல் ஒருமுறை பதிவான நட்சத்திரப் புள்ளித் தவளை ஒன்று, அதற்குப் பிறகு 150 ஆண்டுகளுக்கும் மேலாக யார் கண்ணிலும் படவில்லை. அழிந்தேபோயிற்று என்று எழுதிவைத்துவிட்டார்கள். 2009இல் இந்த மலையின் மேகக்காட்டில் இலங்கை ஆய்வாளர்கள் அதைக் கண்டார்கள். 2013இல் இதே காட்டிலிருந்து எட்டுப் புதிய புதர்த் தவளை இனங்களை விவரித்தார்கள். இலட்சக்கணக்கானவர்கள் ஆண்டுதோறும் நடக்கும் பாதைக்குப் பக்கத்தில் இவ்வளவும் இருந்திருக்கிறது.

"இரவில் இவை கத்தும். நீங்கள் ஏறும்போது கேட்டிருப்பீர்களே?" என்று நண்பன் சீயாவைக் கேட்டான்.

"கேட்காமல் என்ன? அது சமன் தெய்யோவின் ஆட்கள். நாங்கள் பாட்டை நிறுத்தினால் அவர்கள் தொடங்குவார்கள்" என்றார் சீயா.

சமன் இந்த மலையின் காவல் தெய்வம். சீசன் தொடங்கும்போது பெல்மதுளை விகாரையிலிருந்து அவருடைய திருவுருவத்தை ஊர்வலமாக மலைக்குக் கொண்டுபோவார்கள். வெசாக் முடிந்ததும் திரும்பக் கொண்டுவருவார்கள். மலை அவருடையது என்றால் அதிலுள்ள மரமும் மிருகமும் அவருடையவை. சீயா கத்தியோடு காட்டுக்குள் வந்தவர். கீழ்க்காட்டில் கித்துளைத் தொட்டார், பிரம்பைத் தொட்டார். ஒரு குறிப்பிட்ட பாறையைத் தாண்டியதும் கத்தியை உறைக்குள் போட்டுவிட்டார். அதற்கு மேல் ஒரு கொப்புக்கூட ஒடிக்கவில்லை. வனத் திணைக்களத்தின் எல்லைக்கல் அங்கே இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லைக்கல் கீழே. இது என் தாத்தா காட்டிய எல்லை" என்றார். சட்டம் 1940இல் வந்தது. அதற்கு முன் பல நூற்றாண்டுகள் இந்த உச்சிக் காட்டைக் காத்தது இப்படித் தாத்தாக்கள் காட்டிய எல்லைகள்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. துரைமார் கோடரி மேலே ஏறாமல் நின்றதற்குக் குளிரும் செங்குத்தும் காரணம் என்பார்கள். அவையும் காரணம்தான்.

எரத்னப் பாதையும் இரத்தினபுரிப் பாதையும் ஹெரமிட்டிபானவில் சேர்கின்றன. அதற்கு மேலே ஆண்டியமலதென்ன. ஆண்டி ஒருவர் இறந்த இடம் என்று சீயா சொன்னார். யார், எப்போது என்ற கதை அவரிடம் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் சீதாவக்கையை ஆண்ட முதலாம் இராஜசிங்கன் இந்த மலையைச் சைவ ஆண்டிகளின் பொறுப்பில் விட்டான். 18ஆம் நூற்றாண்டில் கண்டியின் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன், நாயக்கர் வழியில் வந்தவன், அதைப் பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்தான். இடைப்பட்ட காலத்தில் எத்தனை ஆண்டிகள் இந்தக் குளிரில் விளக்கேற்றிக்கொண்டு இருந்தார்களோ. ஊர் பெயர் தெரியாத ஒரு தமிழனின் சாவைச் சிங்களக் கிராமத்தார் ஓர் இடத்தின் பெயராக வைத்து இவ்வளவு காலம் சொல்லிவருகிறார்கள். மடியில் இருந்த கற்பூரத்தை நான் உச்சியில் ஏற்றவில்லை, அங்கே ஏற்றினேன். சீயா தொப்பியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் நின்றார்.

உச்சியைப் பற்றி எழுதியவர்கள் பலர். மகாகிரிதம்பவின் செங்குத்து, கம்பியைப் பிடித்து ஏறுவது, எத்தனையாவது முறை வந்தோமோ அத்தனை தடவை மணி அடிப்பது, விடியலில் மேற்கே மூடுபனியில் விழும் முக்கோண நிழல். எல்லாம் உண்மை, எல்லாம் அழகு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாலை. நிழல் கிழக்கே, எங்கள் மஸ்கெலியாவை நோக்கி நீண்டு கிடந்தது. பாதம் துணியால் மூடியிருந்தது. கும்பிட்டுவிட்டு நான் தெற்கும் மேற்கும் பார்த்தேன். அந்தப் பக்கம் முழுக்கக் காடு, மடிப்பு மடிப்பாக. வடக்கும் கிழக்கும் தேயிலை, மவுசாக்கலை நீர்த்தேக்கம். அந்த நீருக்கடியில் பழைய மஸ்கெலியா ஊர் கிடக்கிறது. வரட்சியில் தண்ணீர் இறங்கும்போது பழைய வழிபாட்டிடங்களின் சுவர்கள் வெளியே வரும்.

இறங்கியது நல்லதண்ணிப் பக்கம். சீயாவையும் வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு வந்தோம். படிக்கட்டின் இரு பக்கமும் பள்ளத்தில் பொலித்தீன் உறை, தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட் தாள். இளைஞர்கள் சிலர் சாக்குகளில் அள்ளிச் சுமந்துகொண்டு எங்களோடு இறங்கினார்கள். ஒவ்வொரு சீசனும் இப்படி ஆட்கள் அள்ளுகிறார்கள். ஒவ்வொரு சீசனும் திரும்ப நிறைகிறது. பாதத்தைத் தொடுவதற்கு முன் செருப்பைக் கழற்றுகிற கை, வழியில் போத்தலைக் காட்டுக்குள் எறிகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. உச்சியில் உள்ள அந்தச் சில அடி பாறை மட்டும் சாமி என்றால், சீதகங்குலவில் ஏன் முகம் கழுவச் சொன்னாள் அப்பாயி? சமன் தெய்யோவின் ஆட்கள் அந்தப் போத்தல் தண்ணீரிலா முட்டையிடும்?

எங்கள் லயத்துக்கு வந்தபோது அம்மா பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். சீயாவுக்கு முதலில் தேத்தண்ணி கொடுத்தார், கித்துள் கருப்பட்டியோடு. அவர் பீலியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன்.

"மேல கான் இருக்குல்ல, அதுக்கு அந்தப் பக்கம் ஊத்து. நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து ஒரு கோடையிலயும் நின்னதில்ல. கீழ்ப் பிரிவுல நின்னுபோச்சு, அங்க ஓரத்துக் காட்ட வெட்டிட்டாங்க" என்றார் அம்மா.

சீயா தலையாட்டினார். பிறகு ஹொர மரத்தைப் பற்றி, வர்ணகல அருவியைப் பற்றி, அம்மாவுக்குப் புரிகிறதா என்றுகூடப் பார்க்காமல் சிங்களத்தில் நெடுநேரம் பேசினார். அம்மா அறுபது வருடங்களாக அந்த மலையைக் கும்பிடுகிறவர். முட்டி வலியால் இப்போது படி ஏறுவதில்லை. நான் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "அந்த மரத்தடி வரைக்கும் ஏத்தம் இல்லையே?" என்றார்.

"இல்லம்மா. ஆத்தோரமா நடந்தா போதும்."

"அப்ப அடுத்த போயாவுக்கு என்னைய அங்கன கூட்டிட்டுப் போ. உச்சிக்கு வேணாம்."

குருவிட்டையிலிருந்து எரத்னவுக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று சீயாவிடம் கேட்கச் சொல்லி, கலண்டர் தாளின் பின்புறத்தில் என்னை எழுதவும் வைத்தார்.